வைக்கோலின் மணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் பெரும்பாலும் மொழியின் தொன்மையைப் பேசுவர். மூவேந்தர் புகழைப் பேசுவர். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று நம் நிக்கோபார்த் தீவுகள் குறிக்கப்பெற்றுள்ளமையைப் பெருமிதத்தோடு எடுத்துரைப்பர். அவை யாவும் பேசத்தக்கனவே. ஆயினும் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. அரண்மனை வாயிலில் இருப்பது அன்று. மாட்டுத் தொழுவத்தின் அருகில் கிடப்பது. வைக்கோலின் மணமே அப்பொருள்.

வைக்கோலுக்கு மணமா என்று இளைஞர் சிலர் வியக்கக் கூடும். முதியோர் வியக்கமாட்டார்கள். தை மாதத்து வெயிலில், கதிர் அடித்து முடிந்த களத்தில், புதிய வைக்கோலைப் பரப்பி உலர்த்தும்போது எழும் மணத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மல்லிகையைப் போல அது நம்மை எதிர்கொண்டு அழைப்பதில்லை. சந்தனத்தைப் போலக் குளிர்விப்பதுமில்லை. இளவெதுவெதுப்பும் மெல்லிய இனிப்பும் உடைய அம்மணம், வயிறு நிறைந்த வீட்டின் மணம். அதனை உலகத்து வாசனைத் தொழில் எவ்வாறு போற்றியது, அதன் பிறப்பு எத்தகையது, அதிலிருந்து கடல் கடந்து வாழும் நாம் கொள்ளத்தக்கது யாது என்பனவற்றை முறையே காண்போம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். நெல்லை அடித்தெடுத்த பின் எஞ்சும் தாளை நாம் வைக்கோல் என்கிறோம். மேலை நாட்டார் தம் கால்நடைகளுக்காகப் பசும்புல்லையே பூக்கும் பருவத்தில் அறுத்து, வெயிலில் உலர்த்திச் சேமிக்கின்றனர். அது உலர்புல். இரண்டும் வெயிலில் உலர்ந்து மணப்பவை, இரண்டும் போராக அடுக்கப்படுபவை, எனினும் ஒன்றல்ல. நெல் வைக்கோலின் மணம் பல பொருள்கள் கலந்து விளைவது. உலர்புல்லின் மணத்திலோ ஒரு பொருள் தலைமை தாங்கி நிற்கிறது. அதன் பெயர் கூமரின்.

இக்கூமரின் பிறக்கும் விதம் வியப்புக்குரியது. புல்லை அறுத்த உடனே நம் மூக்கில் ஏறும் பச்சை வாடை வேறு. பின்னர் வரும் உலர்மணம் வேறு. முதலாவது காயத்தின் மணம். அரிவாள் பட்டுத் தாள் அறுபட்டதும், அப்புல் காற்றில் விடும் ஆவிகளே அவ்வாடை. சிறிது நேரத்தில் அது மறைந்துவிடும். அதற்குப் பின்னரே கூமரின் தோன்றும். நிலத்தில் வேரூன்றி நிற்கும் செடியில் கூமரின் கூமரினாக இருப்பதில்லை. அதன் மூலப்பொருள் ஒருவகைச் சர்க்கரையோடு பிணைந்து, மணமற்றதாய், உயிரணுவின் ஓர் அறையில் அடைபட்டுக் கிடக்கிறது. அதனை விடுவிக்க வல்ல நொதிப்பொருள் வேறிடத்தில் இருக்கிறது. செடி உயிரோடு தழைத்திருக்கும் வரையில் இரண்டும் சந்திப்பதில்லை. தாள் அறுபட்டு, வாடி, அணுக்களின் சுவர்கள் தளரும்போதே இரண்டும் கலக்கின்றன, சர்க்கரை பிரிகிறது, எஞ்சிய பொருள் தானே வளைந்து கூமரினாகிறது. தழைத்து நின்றபோது மறைந்திருந்த மணம், மண்ணை விட்டுப் பிரிந்து வெயிலில் கிடந்த பின்னரே வெளிப்படுகிறது. இவ்வுண்மையை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

உலகம் இப்பொருளைக் கண்டறிந்த வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தென் அமெரிக்கக் காடுகளில் டோங்கா என்னும் பயற்றைத் தரும் மரம் ஒன்று உண்டு. அப்பயறு உலர்ந்தால் உலர்புல்லின் மணமே வீசும். 1820ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய வோகல் என்பார் அதிலிருந்து வெண்ணிறப் படிகங்களைப் பிரித்தெடுத்தார். பிரான்சு நாட்டில் கிபோர் என்பாரும் அதே பொருளை ஆராய்ந்து, அம்மரத்தின் நாட்டுப் பெயரை ஒட்டி அதற்குப் பெயர் சூட்டினார். 1868ஆம் ஆண்டில் ஆங்கிலேய இரசாயன அறிஞர் வில்லியம் பெர்க்கின், புல்லும் இன்றிப் பயறும் இன்றி, ஆய்வுக்கூடத்திலேயே கூமரினைச் செய்து காட்டினார். 1856ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், முதன்முதலாகச் செயற்கைச் சாயம் ஒன்றைக் கண்டு புகழ் பெற்றவரும் இவரே.

அதன் பின்னர் வாசனைத் தொழிலில் ஒரு புதிய காலம் பிறந்தது. அதுகாறும் மலர், பிசின், மரம், கத்தூரி ஆகியவற்றையே நம்பியிருந்த அத்தொழிலில் ஆய்வுக்கூடத்துப் பொருளும் இடம் பெற்றது. 1882ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து ஊபிகான் நிறுவனத்தின் பால் பார்க்கே என்பார் செயற்கைக் கூமரினைச் சேர்த்து ஒரு வாசனை நீரை ஆக்கினார். அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள் ‘அரச பன்னச்செடி’ என்பது. பன்னச்செடிக்குச் சொல்லத்தக்க மணம் ஏதும் இல்லை. காட்டு நிழலின் மணம் இவ்வாறு இருக்கலாம் என்று அவர் கருதிப் படைத்த கற்பனையே அது. 1889ஆம் ஆண்டில் ஏமே கெர்லேன் என்பார் ஆக்கிய ஜிக்கி என்னும் வாசனை நீரிலும் கூமரின் முதன்மை பெற்றது. லாவெண்டர், ஓக் மரத்துப் பாசி, கூமரின் ஆகிய மூன்றும் கூடிய அக்கலவை, பின்னர் ஆடவர்க்குரிய வாசனைப் பொருள்களின் ஒரு பெருங்குடும்பமாகவே வளர்ந்தது. முகச்சவரச் சவர்க்காரத்திலும் சவரத்திற்குப் பின் பூசும் நீரிலும் அதுவே புகுந்தது. நம் கடைத்தெருவிலுள்ள முடிதிருத்தும் நிலையத்தில் நுழைந்ததும் தூய்மையானதொரு மணம் நம்மை வரவேற்கிறதே, அதன் அடியில் ஓர் ஐரோப்பியப் புல்வெளி உலர்ந்து கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! செயற்கைக் கூமரின் வந்த பின்னரும், உண்மையான உலர்புல்லையே கரைப்பானில் ஊறவைத்து அதன் சாரத்தை எடுக்கும் முறை அழிந்துவிடவில்லை. கருமை கலந்து கெட்டியாக இருக்கும் அச்சாரத்தில் ஒரு துளி, ஒரு வயலின் நினைவையே எழுப்ப வல்லது என்பர்.

உலர்ந்த பின் மணக்கும் பொருளின் அருமையை மேலை நாட்டாரே அறிந்தனர், நாம் அறியவில்லை என்று எண்ணுவது பிழையாகும். கடலூர்க் கரையோர மணற்பாங்கில் பயிராகும் வெட்டிவேரைக் காணுங்கள். அதுவும் புல்லினமே. மேலே காணும் தாளில் அதன் பெருமை இல்லை. மண்ணுக்கடியில் உள்ள வேரில் இருக்கிறது. அதனைப் பறித்து, கழுவி, உலர்த்தி வைத்தால் நெடுநாள் மணக்கும். நீர் தெளித்தால் மீண்டும் மணக்கும். பானைத் தண்ணீரில் இட்டும், தட்டியாகப் பின்னிச் சாளரத்தில் தொங்கவிட்டும் நம் முன்னோர் கோடையை வென்றனர். இன்று அவ்வேரிலிருந்து வடிக்கப்படும் தைலம் உலகத்து வாசனைத் தொழிலில் உயர்ந்த இடத்தில் இருக்கிறது.

வடநாட்டிலுள்ள கன்னோசி நகரத்தார் இதற்கும் ஒரு படி மேலே சென்றனர். சுட்ட களிமண்ணைச் செப்புக் கொப்பரையில் இட்டு, நீரோடு காய்ச்சி, எழும் ஆவியைச் சந்தனத் தைலத்தில் இறக்கி, முதல் மழையின் மண்வாசனையையே அத்தராக வடித்தெடுத்தனர். 1964ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளராகிய பேர், தாமசு என்னும் இருவர் உலர்ந்த மண் நனையும்போது எழும் மணத்தின் காரணத்தை ஆராய்ந்து, அதற்கு விஞ்ஞானப் பெயர் ஒன்றைச் சூட்டினர். அவர்கள் பெயர் சூட்டுமுன்னரே அம்மணம் கன்னோசியில் குப்பியில் விற்கப்பட்டுக்கொண்டிருந்தது.

நிற்க. இனிக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மணமாகப் பிறந்த இதே பொருள் நஞ்சாக மாறிய வரலாறும் உண்டு.

1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் விந்தையான நோயால் மாண்டன. சிறு காயம் பட்டாலும் இரத்தம் நில்லாமல் ஒழுகும். கொம்பு சீவினாலும் உயிர் போகும். கனடாவின் கால்நடை மருத்துவர் ஸ்கோஃபீல்டு என்பார் நோயின் காரணத்தைக் கண்டார். கூமரின் நிறைந்த இனிப்புத் தீவனச்செடி ஒன்றை அங்குள்ளோர் உலர்த்திப் போரிட்டு வந்தனர். நன்றாக உலர்ந்த தீவனத்தை உண்ட மாடுகள் நலமாக இருந்தன. மழை மிகுந்த ஆண்டுகளில் ஈரத்தோடு அடுக்கியதால் பூஞ்சணம் பூத்துப்போன தீவனத்தை உண்ட மாடுகளே மாண்டன.

1933ஆம் ஆண்டு, பனிப்புயல் வீசிய ஒரு நாளில், விசுகான்சின் மாநிலத்து உழவர் ஒருவர் இறந்த கன்றையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் பாத்திரத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நெடுந்தொலைவு கடந்து பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். கார்ல் லிங்கு என்னும் பேராசிரியரும் அவர்தம் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, பூஞ்சணம் கூமரினை எந்தப் பொருளாக மாற்றுகிறது என்பதைக் கண்டறிந்தனர். அதன் வழியில் தோன்றிய வார்ஃபரின் என்னும் பொருள் 1948ஆம் ஆண்டில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954ஆம் ஆண்டில் மக்களுக்குரிய மருந்தாகவும் ஏற்கப்பட்டது. இதயநோய் கண்ட நம் பெரியவர்கள் சிலர், இரத்தம் கட்டாதிருக்க மருத்துவர் சொற்படி அளவறிந்து உட்கொள்ளும் மாத்திரை அதுவே. அதே 1954ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, கூமரினை உணவில் சுவைக்காகச் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. அளவு மிஞ்சினால் அது ஈரலுக்குக் கேடு செய்யும் என்று அஞ்சியமையே காரணம்.

நம் நாட்டு உழவர்க்கு இந்த இரசாயனம் தெரியாது; ஆனால் உண்மை தெரியும். போர் அடுக்குவதற்கு முன் வைக்கோலை நன்றாகக் காயவிடுவர். தரையில் கல்லும் கட்டையும் பரப்பி, அதன்மேல் அடுக்கி, மழைநீர் வழிந்தோடுமாறு கூரைபோல் முகடு வைத்து மேய்வர். ஈர வைக்கோலை அடைத்து வைத்தால் உள்ளே சூடு ஏறும், புழுங்கும், பூசணம் பிடிக்கும், சிலபோது தீயே பற்றும் என்பதை அவர்கள் அறிவர். காய்ந்தது காக்கும், ஈரம் கெடுக்கும் என்னும் இவ்வறிவு நூலில் கற்றதன்று; கையால் கற்றது.

இனி நம் தீவுகளுக்கு வருவோம். ஆண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் இது. வைக்கோல் காய்வதற்கு இயற்கை நமக்குத் தந்திருக்கும் வாய்ப்பு, மழை ஓய்ந்த தை முதலான சில மாதங்களே. காட்டைத் திருத்தி வயலாக்கிய குடியேறிகளின் உழைப்பால் டிக்லிப்பூர், மாயாபந்தர், ரங்கத்து ஆகிய இடங்களில் நெல் விளைகிறது. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரத்தின் அருகிலும் வயல்கள் பரந்திருந்தன. சிப்பிகாட்டு வழியாகப் பயணம் செய்த மூத்தோர் அவற்றை அறிவர்.

2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் நிலம் நடுங்கிக் கடல் பொங்கியது. வட அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் உயர்ந்தது. தென் அந்தமானிலோ ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. சிப்பிகாட்டு வயல்கள் பல இன்று உவர்நீர்ச் சதுப்பாகி, நீர்ப்பறவைகள் உலவும் இடமாகிவிட்டன. பறவைகள் வந்தமை ஓர் அழகே. ஆயினும் நகரத்துக் குழந்தை பேருந்தின் சாளரம் வழியே முகர்ந்திருக்கக்கூடிய அறுவடை மணம் அங்கே போனது போனதே.

நிக்கோபாரிலும் இத்தகைய இழப்பு உண்டு. காமோட்டா, தெரசா முதலிய தீவுகளில் பரந்த புல்வெளிகள் இருக்கின்றன. நிக்கோபார் மக்கள் உலர்ந்த புல்லால் கூரை வேய்ந்து, தேனடை போல் உருண்ட குடில்களைக் கால்களின் மேல் எழுப்பி வாழ்ந்தனர். ஆழிப்பேரலைக்குப் பின் அக்குடில்களின் இடத்தைத் தகரக் கூரை வீடுகள் பெரும்பாலும் பற்றிக்கொண்டன. பாதுகாப்புக் கருதி எழுந்த வீடுகள் அவை, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் புற்கூரையின் மணத்தோடு அதனை வேயும் கைத்திறனும் அருகிவருகிறது. மணத்தை இழப்பவர் நாம் மட்டும் அல்லர் என்பதையும் நாம் உணர வேண்டும்.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாத்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுக்கு வைக்கோலைக் காட்டிலும் தேயிலையின் மணமே தாய்வீட்டு மணமாக இருந்திருக்கும். தேயிலையின் கதையும் நாம் கண்ட கதையே. கொழுந்தில் அம்மணம் இல்லை. கிள்ளி, வாடவிட்டு, உருட்டி, உலர்த்திய பின்னரே அது பிறக்கிறது.

ஆகவே, அன்புடையீர், புல்லும் தேயிலையும் நமக்கு ஒன்றைச் சொல்கின்றன. வேரோடு நின்ற காலத்தில் வெளிப்படாத மணம் ஒன்று, பிரிந்த பின் வெளிப்படுவதுண்டு. ஊரில் இருந்தவரையில் களத்தையும் வைக்கோலையும் நாம் எண்ணிப் பார்த்ததுண்டோ? தமிழ் நம் நாவில் மூச்சுப்போல் இருந்ததே அன்றி, அதற்கெனச் சங்கம் ஒன்று கூட்டியதுண்டோ? கடல் கடந்து வந்து, பல மொழியினர் நடுவில் வாழத் தொடங்கிய பின்னரே அதன் மணம் நமக்குத் தெரிந்தது. பிரிவு நமக்கு நேர்ந்த இழப்பு மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

ஆனால் உலர்புல் சொல்லும் இரண்டாம் பாடத்தையும் மறக்கலாகாது. ஈரத்தோடு அடைத்து வைத்தால் அதே மணம் நஞ்சாகும். பெருமையையும் ஏக்கத்தையும் மட்டுமே போராக அடுக்கிக் காற்றும் வெயிலும் புகாமல் மூடிவைத்தால், அடுத்த தலைமுறைக்கு நாம் தருவது தீவனம் ஆகாது, பூசணமே ஆகும். தன் வயலைக் கண்டிராத பேரனைப் பார்த்து, ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று ஏளனம் செய்வதால் அவன் தமிழனாகிவிடுவானா? பள்ளியிலும் கடைவீதியிலும் இந்தியே பொதுமொழியாக வழங்கும் இடத்தில், அவன் பேச்சில் இரண்டு இந்திச் சொற்கள் கலந்தமைக்காக அவனைக் கடிந்துகொண்டால், மறுநாள் அவன் நம்மோடு தமிழில் பேசுவதையே விட்டுவிடுவான். வைக்கோற்போரைக் காத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது என்பார்கள். மொழியை அவ்வாறு காப்பது காவல் ஆகாது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? இரண்டு சிறு செயல்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று, வரும் பொங்கல் விழாவிற்கு வட அந்தமானிலிருந்து புதிய வைக்கோல் சில கட்டுகளை வருவிக்க வேண்டும். குழந்தைகள் அதனைக் கையால் தொட்டு, மூக்கால் முகர வேண்டும். முதியோர் அருகில் அமர்ந்து பிரி திரிக்கக் கற்றுத்தர வேண்டும். விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து கோட்டை கட்டும் முறையைத் தென்பாண்டி நாட்டிலிருந்து வந்தோர் செய்து காட்டலாம். மாங்காயை வைக்கோலில் பொதிந்து பழுக்க வைப்பதைத் தாய்மார்கள் காட்டலாம். அவ்வகுப்பிற்குக் குழந்தைகள் தவறாமல் வருவார்கள் என்பது உறுதி.

மற்றொன்று, அவ்வேலை நடக்கும்போது வாயில் வரும் சொற்களை இளைஞர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். களம், பொலி, தூற்றுதல், பதர், கருக்காய், சண்டு, போர், பிரி, கோட்டை என்று ஒரு வைக்கோற்கட்டுக்குள் எத்தனை சொற்கள் இருக்கின்றன! அவற்றை அகராதியில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மணம் தெரியாதவனுக்கு அச்சொல் வெறும் ஓசை. கையும் மூக்கும் அறிந்தவனுக்கே அது பொருளாகும். இச்சொற்களை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இவ்வேலையை அடுத்த ஆண்டிற்கு ஒத்திவைத்தால், கேட்பதற்கு இளைஞர் இருப்பர். சொல்வதற்கு ஆள் இருக்கமாட்டார். இதனை அவையோர் சற்று ஆழ்ந்து எண்ண வேண்டுகிறோம்.

இங்கே தமிழ்வழியில் கற்பிக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. ஆசிரியப் பெருமக்கள் இவ்வேலையில் துணை நின்றால், குறிப்பேடு ஒரு சிறு நூலாகவே மலரலாம். அடுத்த ஆண்டு மலரில் அது இடம்பெறுமானால், இன்று யாம் பேசிய பேச்சைக் காட்டிலும் அதுவே சங்கத்திற்குப் பயன் தரும்.

உலர்புல்லின் சாரத்தைக் குப்பியில் அடைத்துப் பெரும்பொருள் ஈட்டினர் பிறர். நாம் குப்பியைத் தேட வேண்டியதில்லை.  தை பிறக்கும்போது, வைக்கோற் கட்டுகளோடும் குறிப்பேடுகளோடும் இம்மண்டபத்தில் மீண்டும் சந்திப்போம்.